கம்ப்ரசரை மாற்றும் முன்

பங்குனி கடைசியில் தொடங்கி ஆனி வரை தமிழ்நாட்டு நகரங்களில் ஏசி மெக்கானிக்குகளின் கைபேசி ஓய்வதில்லை. அந்த நாட்களில் அவர்கள் சொல்லும் தீர்ப்புகளில் வீட்டுக்காரரை அதிகம் கலங்க வைப்பது ‘கம்ப்ரசர் போயிடுச்சு’ என்பதுதான். புது ஏசியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிவரைகூட, அந்தச் செலவு வந்து நிற்கும். மாற்றலாமா, மெஷினையே தள்ளிவிட்டுப் புதிது வாங்கலாமா, வாரன்டி இருக்கிறதா என்று பேச்சு உடனே பணத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. உண்மையிலேயே போனது கம்ப்ரசர்தானா? போயிருந்தால், எதனால் போனது?

வீட்டு ஏசியில் கம்ப்ரசர் தன் சொந்தக் குறையால் சாவது குறைவு. கேஸ் கசிவு, அழுக்கேறிய கண்டன்சர், உள்ளே புகுந்த ஈரம், ஏறி இறங்கும் மின்சாரம் என்று வேறெங்கோ நடக்கும் தவறுகளையெல்லாம் கடைசியில் சுமப்பது அதுதான். காரணத்தைத் தீர்க்காமல் புதுக் கம்ப்ரசரை வைத்தால் அதுவும் அதே வழியில் போகும். இரண்டு கோடைக்குள் இரண்டாவது கம்ப்ரசர் மாற்றிய வீடுகள் எந்தத் தெருவிலும் உண்டு. அங்கெல்லாம் ‘இப்போ வர்ற சரக்கே சரியில்லை’ என்று பழி பொருளின் மேல் விழுகிறது. பெரும்பாலும் அது தவறான பழி.

கம்ப்ரசரின் வேலை ஆவியை அழுத்திச் சூடேற்றுவது. இண்டோரில் இருக்கும் கூலிங் காயிலுக்குள் பெரும்பகுதி திரவமாக நுழையும் கேஸ், அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. அந்த ஆவியை இழுத்து அழுத்தும்போது, சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பாகம் சுடுவதுபோல, அது சூடேறுகிறது. வெளிக்காற்றைவிட அதிகச் சூட்டில் இருந்தால்தான் அவுட்டோரின் கண்டன்சரில் அந்த வெப்பத்தை வெளியே தள்ள முடியும். வெளியே 35 டிகிரி செல்சியஸ் என்று வைத்துத்தான் ஏசியின் திறனைச் சோதித்துச் சான்று தருகிறார்கள். மே மாதத்துச் சென்னையில், மொட்டைமாடியின் சுட்ட தளத்தில் வைத்த அவுட்டோரைச் சுற்றியுள்ள காற்று அதைவிடப் பல டிகிரி கூடுதல். கண்டன்சரின் தகடுகளில் தூசியும் அடைந்திருந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். ஏறும் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. அழுத்தமும் கம்ப்ரசரின் மோட்டார் கூடுதலாக இழுக்க வேண்டிய பாரம்.

இந்த மோட்டாரும் பம்பும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வெல்டிங் செய்து அடைக்கப்பட்டிருக்கின்றன. ஒருகாலத்தில் அப்படி இல்லை. பழைய கம்ப்ரசர்களில் மோட்டார் வெளியே இருக்கும். பெல்ட் வழியாகப் பம்பைச் சுற்றும். தண்டு வெளியே வரும் இடத்தில் சீல் தேய்ந்து கேஸ் கசியும். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் 1927-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘மானிட்டர் டாப்’ குளிர்பதனப் பெட்டி, முழுக்க மூடிய கம்ப்ரசரை வீடுகளுக்குள் பரவலாகக் கொண்டுபோனது. சீல் கசிவு ஒழிந்தது, சத்தம் குறைந்தது. கூடவே பழுதுபார்ப்பதன் பொருளும் மாறிப்போனது. வால்வு தகட்டையோ பேரிங்கையோ மட்டும் மாற்றிச் சரிசெய்யும் வழி சிறிய மெஷின்களில் அடைபட்டது. பெரிய கட்டடங்களின் செமி-ஹெர்மெட்டிக், ஸ்க்ரூ கம்ப்ரசர்களை இன்றும் போல்ட்டைக் கழற்றித் திறந்து ஓவர்ஹால் செய்கிறார்கள். வீட்டு ஏசியில் இப்போது பரவலாக இருக்கும் ரோட்டரி கம்ப்ரசரில் உருளும் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி மைக்ரான் கணக்கில்தான். பழைய பிஸ்டன் வகைக் கம்ப்ரசர்களின் கூட்டை லேத்தில் அறுத்து, மோட்டார் காயில் கட்டி, மறுபடி ஒட்டித் தந்த பட்டறைகள் நம் ஊர்களில் இருந்தன. ரோட்டரியில் அந்த வேலை அநேகமாக நிலைப்பதில்லை. ‘ரீகண்டிஷன்’ என்று மலிவாகக் கிடைப்பது பல சமயம் வேறொரு மெஷினிலிருந்து கழற்றிச் சாயம் பூசிய பழையது. அதை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

திறந்து பார்க்க முடியாத பொருள் என்பதால் வெளியிலிருந்தே நோயைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கேதான் முதல் பிழை நடக்கிறது. வாரன்டியில் திரும்பிவரும் கம்ப்ரசர்களில் கணிசமானவற்றில் பழுதே இருப்பதில்லை என்று தயாரிப்பாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். கம்ப்ரசர் ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது, சில நொடிகளில் ‘டக்’ என்று ஓவர்லோடு விழுகிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முனகுகிறது. இதைப் பார்த்ததும் ‘லாக் ஆகிடுச்சு’ என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் இதே அறிகுறியைச் சில நூறு ரூபாய் பெறும் ஒரு கப்பாசிட்டரும் தரும். சாதாரண ஒன்றரை டன் மெஷினில் கப்பாசிட்டர் இல்லாமல் மோட்டார் கிளம்பாது. வெயிலில் நிற்கும் அவுட்டோருக்குள் வருடக்கணக்கில் வெந்து அதன் மைக்ரோஃபாரட் அளவு இறங்கிவிடும். மேற்புறம் உப்பியிருந்தால் கண்ணுக்கே தெரியும். உப்பாமலும் செத்திருக்கும். மீட்டரில் வைத்து, மேலே அச்சிட்ட அளவோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும்.

அடுத்தது மூன்று முனைகள்: காமன், ஸ்டார்ட், ரன். வயர்களைக் கழற்றிவிட்டு இரண்டிரண்டாக ஓம் அளந்தால் ஒரு கணக்கு வர வேண்டும். காமனுக்கும் ரன்னுக்கும் 2 ஓம், காமனுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 3 ஓம் என்றால், ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 5. கூட்டல் பொருந்தினால் மோட்டார் காயில் பெரும்பாலும் நலம். எந்த முனையிலிருந்தும் கூட்டின் செம்புக் குழாய்க்கு மின்தொடர்பு காட்டினால் ‘பாடி எர்த்’. அதற்கு மேல் பேச்சில்லை, மாற்ற வேண்டியதுதான். காமனிலிருந்து எதுவுமே காட்டவில்லை என்றால் மட்டும் அவசரப்படக் கூடாது. சில கம்ப்ரசர்களில் ஓவர்லோடு பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. கூடு கொதித்துக்கொண்டிருக்கும்போது அது திறந்தே நிற்கும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆறவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் காத்திருக்க மனமில்லாமல் நல்ல கம்ப்ரசர்களைக் காயலான் கடைக்கு அனுப்பியிருக்கிறோம்.

இன்வெர்ட்டர் ஏசியில் கதையே வேறு. ஜப்பானின் டோஷிபா 1980-களின் தொடக்கத்தில் வீடுகளுக்குக் கொண்டுவந்த இந்த முறையில் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடி ஓடி நிற்பதில்லை. தேவைக்கேற்ப வேகம் மாறும். கப்பாசிட்டர் வைத்துக் கிளப்பும் ஏற்பாடு இதில் கிடையாது. அவுட்டோரின் பிசிபி என்ற சர்க்யூட் பலகை, மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, மூன்று கட்டங்களாக வெட்டி அனுப்புகிறது. யு, வி, டபிள்யூ என்ற மூன்று முனைகளுக்கு இடையிலும் ஓம் ஒரே அளவாக இருக்க வேண்டும். மூன்றும் சமமாக இருந்து, எர்த்தும் இல்லையென்றால் சந்தேகம் போக வேண்டிய இடம் பிசிபி. நம் ஊரில் அதற்குள் பல்லி புகுந்து இரண்டு முனைகளுக்கு நடுவில் கருகிக் கிடப்பது வழக்கமான காட்சி. திரையில் வரும் பிழைக் குறியீடு ‘கம்ப்ரசர் கோளாறு’ என்று சொன்னாலும், கம்ப்ரசரை ஓட்டும் பாதையில் எங்கோ கோளாறு என்றுதான் அதற்குப் பொருள் கொள்ள வேண்டும். பிசிபியை அணைத்த உடனே தொடவும் கூடாது. அதன் பெரிய கப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும்.

கம்ப்ரசர்தான் போனது என்று உறுதியான பிறகு இரண்டாவது கேள்வி வருகிறது. காரணங்களில் முதலிடம் கேஸ் கசிவுக்குத்தான். கசிவைவிடவும், அதை நாம் நடத்தும் விதத்துக்கு.

ஏசியில் இருக்கும் கேஸ் தேய்ந்துபோகும் பொருள் அல்ல. பெட்ரோலைப் போல எரிவதும் இல்லை, வருடத்துக்கு இவ்வளவு என்று குறைவதும் இல்லை. மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் ஓட்டை இருக்கிறது. ஆனால் ‘வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் அடிக்கணும்’ என்பது நம் வீடுகளில் எண்ணெய்க் குளியலைப் போல ஒரு நியமமாகிவிட்டது. ஓட்டையைத் தேடாமல் டாப்-அப் செய்துவிட்டுப் போனால், சில வாரம் குளிரும். பிறகு அழுத்தம் மறுபடி இறங்கும். இடைப்பட்ட காலமெல்லாம் கம்ப்ரசர் குறைந்த கேஸோடு ஓடுகிறது. மோட்டாரின் சூட்டை எடுத்துச் செல்வது அந்தக் கேஸ்தான். எண்ணெயைச் சுற்றவிட்டு மறுபடி கம்ப்ரசருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதுதான். இரண்டும் குறைந்தால் மோட்டார் காயிலின் இன்சுலேஷன் வெந்து கருகும், பேரிங் காயும். அறை குளிராததால் தெர்மோஸ்டாட்டும் மெஷினை நிறுத்தாது. இரவெல்லாம் ஓய்வில்லாமல் ஓடும். வீட்டுக்காரருக்கு மின்கட்டணம் ஏறுவது மட்டும்தான் தெரியும்.

ஓட்டை எங்கே இருக்கும்? மெஷினை மாட்டியபோது சரியாக இறுக்காத, அல்லது அளவுக்கு மீறி இறுக்கி விரிசல் கண்ட ஃபிளேர் நட்டில். எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் அங்கே சோப்பு நுரை வைத்துப் பார்க்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக்காற்று கண்டன்சரின் அலுமினியத் தகடுகளை மாவாக்கிவிடும். கழிவுநீர் ஓடைகளின் ஓரத்தில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கருக்கித் தின்னும். மூன்றாவது ஒன்று கண்ணுக்கே தெரியாது: பெயின்ட், பிளைவுட் பசை, சில சுத்திகரிப்புத் திரவங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் கரிம அமிலங்கள் செம்புக் குழாயின் சுவரில் எறும்புப் புற்றைப் போல நுண்துளைகள் போடும். புதிதாக இன்டீரியர் வேலை முடித்த வீட்டில் புது ஏசியின் கூலிங் காயில் கசிவதற்கு இது ஒரு காரணம். இப்படிக் கசியும் காயிலை வைத்துக்கொண்டு கேஸை மட்டும் நிரப்பிக்கொண்டிருப்பது கம்ப்ரசரைத் தவணை முறையில் கொல்வது.

கசியும் கேஸ் எந்த வகை என்பதும் முக்கியம். ஆர்-410ஏ என்பது ஆர்-32, ஆர்-125 இரண்டும் பாதிக்குப் பாதி கலந்த கலவை. அதைச் சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் எடுக்க வேண்டும். அதன் அழுத்தம் பழைய ஆர்-22-ஐப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். ஆர்-22-க்கு என்று செய்த மெஷினில் அதை ஏற்றுவது ஆபத்து. அளவும் கை மதிப்புக்கு விட வேண்டியதல்ல. எவ்வளவு கிராம் என்று அவுட்டோரின் பெயர்ப்பலகையில் அச்சிட்டிருக்கிறார்கள். அதைத் தராசில் வைத்து நிறுத்து ஏற்ற வேண்டும். இன்வெர்ட்டரில் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜ் அழுத்தத்தை மட்டும் நம்பி ஏற்றுவது குருட்டுக் கணக்கு. கூடுதலாக ஏற்றினாலும் கெடுதலே. ஆவியாகாத திரவம் கம்ப்ரசருக்குள் போனால், திரவத்தை அழுத்த முடியாமல் வேன் என்ற தகடும் வால்வும் உடையும்.

ஈரம் இன்னொரு கொலையாளி. ஆர்-22 மெஷின்களில் மினரல் எண்ணெய் இருந்தது. ஆர்-410ஏ, ஆர்-32 வந்தபோது பாலியால் எஸ்டர் எண்ணெய் பரவலானது. இது காற்றிலிருக்கும் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். உறிஞ்சிய ஈரத்தோடு வினைபுரிந்து அமிலமாக மாறும். அமிலம் குழாய்ச் செம்பைக் கரைத்துக் கொண்டுபோய்ப் பேரிங்கின் மேல் பூசும்; மோட்டார் காயிலின் வார்னிஷைத் தின்னும். எண்ணெய்க்குள் கலந்துவிட்ட ஈரத்தை வேக்குவம் பம்பாலும் முழுக்க எடுக்க முடியாது. ஆகவே ஈரத்தை உள்ளே விடாமல் இருப்பது ஒன்றுதான் வழி. சென்னையின் காற்றில் ஈரம் எவ்வளவு என்று வியர்வை துடைக்கும் எவருக்கும் தெரியும். புதுக் கம்ப்ரசரின் ரப்பர் மூடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது என்பதன் காரணம் இதுதான்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கோடை இரவுகளில் அது சரிந்தால் சாதாரண கம்ப்ரசர் கிளம்பத் திணறும். கிளம்பாமல் நிற்கும் நொடிகளில் ஓடும் மின்னோட்டத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். மின்சாரம் போய் உடனே வந்தால் இரண்டு பக்க அழுத்தமும் சமனாவதற்கு மூன்று நிமிடமாவது தர வேண்டும். கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் உள்ள மூன்று கட்ட ஸ்க்ரோல் கம்ப்ரசர்களுக்குத் தனி ஆபத்து உண்டு. தெருவில் லைன் வேலை நடந்து கட்டங்களின் வரிசை மாறிவிட்டால் அவை பின்னோக்கிச் சுழலும். சத்தம் மட்டும் வரும், அழுத்தம் வராது. அப்படியே விட்டால் கெடும். கட்ட வரிசையைக் காக்கும் ரிலே அங்கே அவசியம்.

இனி மாற்றும் வேலை. இதை நெருங்கிப் பார்த்தால்தான் நாம் எதற்குப் பணம் தருகிறோம், எதற்குத் தருவதில்லை என்பது விளங்கும். முதலில் உள்ளிருக்கும் கேஸை மீட்பு இயந்திரம் வைத்துச் சிலிண்டருக்குள் எடுக்க வேண்டும். மெஷினை இடம் மாற்றும்போது செய்யும் ‘பம்ப் டவுன்’ இங்கே உதவாது. அதைச் செய்ய வேண்டிய கம்ப்ரசரே செத்துக் கிடக்கிறது. பிறகு குழாய்களைக் கட்டரால் வெட்ட வேண்டும். டார்ச்சால் உருக்கிக் கழற்றினால் உள்ளே மிஞ்சிய எண்ணெயும் கேஸும் தீயாகப் பீறிடும். தீயில் பட்ட ஆர்-22 பாஸ்ஜீன் என்ற நச்சைத் தரும். எந்த ஃபுளோரின் கேஸும் ஹைட்ரஜன் ஃபுளோரைடைத் தரும். கழற்றிய கம்ப்ரசரைச் சாய்த்து எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்ப்பது நல்ல மெக்கானிக்கின் பழக்கம். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் பம்பிலோ வேனிலோ. தார் போலக் கறுத்து, மூக்கைச் சுளிக்கவைக்கும் காரநெடி அடித்தால் மோட்டார் காயில் எரிந்திருக்கிறது. அமிலம் குழாய் முழுவதும் பரவியிருக்கிறது. அந்த எண்ணெய் வெறும் கையில் பட்டால் தோல் எரியும்.

எரிந்த மெஷினைச் சுத்தம் செய்யாமல் புதுக் கம்ப்ரசரை வைத்தால், பழையதன் அமிலமே அதைத் தின்னும். முன்பு இதைக் கழுவ ஆர்-141பி என்ற திரவத்தைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். அது ஓசோன் படலத்தைக் கெடுப்பது. அதன் இறக்குமதிக்கு 2020 தொடக்கத்திலிருந்து இந்தியாவில் தடை வந்தது. இப்போது பொருத்தமான கழுவுதிரவமும் நைட்ரஜனும் வைத்துக் குழாய்களைத் தனித்தனியாக ஊதிச் சுத்தம் செய்து, புது ஃபில்டர் டிரையரும் கேப்பிலரி என்ற மெல்லிய குழாயும் போட வேண்டும். ஒரே அவுட்டோரில் பல இண்டோர்கள் ஓடும் விஆர்எஃப் அமைப்பில் ஒரு கம்ப்ரசர் எரிந்தால் மாடி மாடியாக இந்த வேலை நீளும்.

ஒட்டும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட வேண்டும். இல்லையென்றால் சிவக்கச் சுட்ட செம்பின் உட்புறத்தில் கறுப்பு ஆக்ஸைடு செதில் படிந்து, பிறகு உதிர்ந்து கேப்பிலரியை அடைக்கும். ஒட்டி முடித்ததும் நைட்ரஜன் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கத்தில் இருக்கிறதே என்று அதை ஏற்றினால் எண்ணெயோடு சேர்ந்து கம்ப்ரசர் குண்டாக வெடிக்கும். இந்தத் தவறால் இந்தியாவிலும் வெளியிலும் மெக்கானிக்குகள் செத்திருக்கிறார்கள். பிறகு வேக்குவம். குழாய்க்குள் அழுத்தத்தை 500 மைக்ரான் வரை இறக்கி, பம்பை மூடிவிட்டு, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றின் இயல்பான அழுத்தம் 7,60,000 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு ஆழம் என்று புரியும். அந்த ஆழத்தில் குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஈரம் அறையின் சூட்டிலேயே ஆவியாகி வெளியேறும். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரைப் பம்பாக வைத்துப் பத்து நிமிடம் இழுப்பதும், கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிட்டதாகச் சொல்வதும் வேக்குவம் ஆகாது. வேக்குவத்தில் இருக்கும்போது கம்ப்ரசரை ஓட்டவோ இன்சுலேஷனை அளக்கும் மெகர் வைத்துப் பார்க்கவோ கூடாது. முனைகளுக்குள் தீப்பொறி பாயும்.

இத்தனையையும் ஒழுங்காகச் செய்தால் அரை நாளாவது போகும். ஆனால் பில்லில் எழுதப்படுவது கம்ப்ரசர் விலை, கேஸ் விலை, ‘லேபர்’ என்று ஒரு சிறு தொகை. கேஸுக்குக் காசு கொடுக்கத் தயங்காத நாம் நைட்ரஜனுக்கும் வேக்குவத்துக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் தர மாட்டோம். ‘கேஸ் அடிக்கத்தானே வந்தீங்க, ஏன் இவ்வளவு நேரம்?’ என்று கேட்கிறோம். ஒரு நாளைக்கு இத்தனை அழைப்பு முடித்தால்தான் வருமானம் என்றிருக்கும் ஒருவர் அந்தக் கேள்விக்கு என்ன செய்வார்? வேக்குவத்தைத்தான் விடுவார். இந்தத் துறையின் தரக்குறைவுக்கு மெக்கானிக்கின் அறியாமையை மட்டும் காரணம் காட்டுவது நியாயமில்லை.

கேஸை வானத்தில் திறந்துவிடுவதும் இதே நெருக்கடியின் விளைவு. 1974-ல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனை அழிக்கும் என்று எழுதினார்கள். 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1992-ல் இந்தியா சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தின்படி ஆர்-22 சார்ந்த குடும்பத்தை 2030-க்குள் நிறுத்த வேண்டும். பழைய மெஷின்களின் பழுதுவேலைக்கு மட்டும் சிறிதளவு 2040 வரை. ஆர்-410ஏ, ஆர்-32 ஆகியவை ஓசோனைத் தொடுவதில்லை; ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்-410ஏ ஏறத்தாழ 2,088 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். ஆர்-32 என்றால் 675. மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு 2016-ல் வந்த கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றது. இந்த வகைக் கேஸ்களை 2032-ல் குறைக்கத் தொடங்கி 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். 2019-ல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றும் தர இலக்கு வைத்தது. இலக்கு நல்லது. ஆனால் மீட்பு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நான்காவது மாடி ஏறுபவருக்கு அதற்கான கூலி கிடைக்கும்வரை, மீட்கப்படாத கேஸ் காற்றில்தான் கலக்கும். மீட்காமல் செய்யும் ஒவ்வொரு கம்ப்ரசர் மாற்றத்திலும் முழு நிரப்பும் வெளியே போகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேஸ் தட்டுப்பாடும் விலையேற்றமும் போலிச் சரக்கையும் கொண்டுவரும். 2011-ல் குளிர்பதனக் கப்பல் பெட்டிகளின் கம்ப்ரசர்கள் வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று ஏற்றியதில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது; அது கம்ப்ரசரின் அலுமினியத்தோடு வினைபுரிந்து காற்றுப் பட்டதும் வெடித்தது. பெயர் தெரியாத சிலிண்டரிலிருந்து மலிவாக ஏற்றப்படும் கேஸ் யார் உயிரோடு விளையாடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பது புரோப்பேன், நன்றாகவே எரியும். இரண்டையும் முறை தெரிந்தவர் பாதுகாப்பாகக் கையாளலாம். ஐடிஐ-யில் குளிர்பதன, ஏசி வேலைக்கான இரண்டு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. ஆனால் ஹெல்பராகச் சேர்ந்து அண்ணன்மார் கையைப் பார்த்துக் கற்றவர்களே தெருவில் அதிகம். அவர்கள் கற்றது தீப்பற்றாத ஆர்-22 காலத்துப் பழக்கம். ஐந்தாவது மாடியின் சன்ஷேடில் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்து, பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள கம்ப்ரசரை இறக்குபவருக்கு அந்தப் பழக்கமும் போதாது, அந்த இடமும் போதாது. அவுட்டோரை ஆள் நின்று வேலை செய்ய இடமில்லாத சுவரில் தொங்கவிட்டுக் கட்டடம் கட்டுபவர்களும் இதற்குப் பொறுப்பு.

அப்படியானால் மாற்றலாமா, புதிது வாங்கலாமா? என் கணக்கு இது. மெஷின் ஐந்து ஆண்டுக்குள், காயில்கள் நலமாக, கேஸ் ஆர்-32 அல்லது ஆர்-410ஏ என்றிருந்தால், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு அதே மாடலுக்கு உரிய கம்ப்ரசரைப் போடுவது சரி. டன் மட்டும் ஒத்தால் போதாது. கேஸ், எண்ணெய் வகை, வோல்ட், இன்வெர்ட்டர் என்றால் பிசிபியோடு பொருந்தும் மாடல் எண் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். எட்டு, பத்து வயதான ஆர்-22 மெஷினில் கூலிங் காயிலும் கசிந்து கம்ப்ரசரும் எரிந்திருந்தால் அதில் பணம் போட வேண்டாம். நட்சத்திரக் குறியீட்டின் அளவுகோல் 2018-லிருந்து, பருவகாலத் திறனைக் கணக்கிடும் ஐசீர் முறைக்கு மாறியிருக்கிறது. அன்றைய மூன்று நட்சத்திரமும் இன்றைய மூன்று நட்சத்திரமும் ஒன்றல்ல. நடுவிலிருக்கும் மெஷின்களுக்குப் பொதுவிதி கிடையாது. எரிந்ததா, வேன் மட்டும் போனதா என்று எண்ணெயைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பழைய மெஷினை எடைக்குப் போடுவதானால் 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும். செம்புக்காகக் குழாயை அறுத்துக் கேஸைப் பறக்கவிடுபவரிடம் அல்ல.

பத்தாண்டு வாரன்டி என்ற விளம்பரத்தையும் முழுக்கப் படிக்க வேண்டும். பெரும்பாலும் அது கம்ப்ரசர் என்ற பொருளுக்கு மட்டும். கேஸ், ஒட்டுவேலை, போக்குவரத்து நம் கணக்கு. பிசிபிக்குத் தனிக் காலவரம்பு. 2021-ல் அறிவித்த உற்பத்தி ஊக்கத் திட்டத்தில் ஏசி கம்ப்ரசரையும் சேர்த்த பிறகு, இதுவரை பெரிதும் சீனாவையும் தாய்லாந்தையும் நம்பியிருந்த இந்தப் பொருளின் உற்பத்தி இங்கே வளர்கிறது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் உள்ள ஸ்ரீசிட்டியிலும் கம்ப்ரசர் ஆலை வந்திருக்கிறது. உதிரி கிடைப்பது எளிதாகும். ஆனால் எளிதாகக் கிடைக்கும் கம்ப்ரசரை மாற்றிக்கொண்டே இருக்கும் பழக்கம் வந்துவிடக் கூடாது.

அடுத்த முறை யாராவது ‘கம்ப்ரசர் போயிடுச்சு’ என்றால், கப்பாசிட்டர் பார்த்தீர்களா, ஓம் கணக்குப் பொருந்துகிறதா, எதனால் போனது என்று மரியாதையோடு கேளுங்கள். மாற்றுவது உறுதியானால், நைட்ரஜன் வைத்துக் கசிவு பார்த்து, வேக்குவம் முழுதாக எடுத்து, கேஸை நிறுத்து ஏற்றச் சொல்லுங்கள்; அதற்கான கூலியை முன்கூட்டியே பேசி, பில்லில் தனி வரியாக எழுதிக் கொடுங்கள். அரை நாள் அவருக்கு விடுங்கள். அவர் நிற்கும் இடம் பாதுகாப்பானதா என்றும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.